கஞ்சியில் தண்ணீர் ஊற்றியது யார்?



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்று என் மேசையை விட்டு நகரவே இல்லை. தேனிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி, நோட்டுத்தாளின் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருந்தார். வீட்டில் எட்டு மாதக் குழந்தை. அரிசியும் பாசிப்பருப்பும் வறுத்துத் திரித்த மாவில் கஞ்சி காய்ச்சி ஊட்டுகிறார். இறக்கும்போது கரண்டியில் நிற்கிற கெட்டி. குழந்தை நாலு வாய் வாங்கிவிட்டு விளையாடப் போய்விடும். கால் மணி நேரம் கழித்து மடியில் போட்டு மறுபடி ஊட்ட உட்கார்ந்தால், கிண்ணத்தில் கஞ்சியைக் காணோம். நீர்த்தண்ணியாக ஏதோ கிடக்கிறது. அடுப்படியில் பாத்திரத்தில் மிச்சமிருக்கிற அதே கஞ்சி மட்டும் வைத்தது வைத்தபடி கெட்டியாக இருக்கிறது.

மாமியார் கேட்கிறாராம்: "பச்சப்புள்ளைக்குப் போயி தண்ணியக் கலந்து குடுக்குறியே, நம்ம வீட்டுல அரிசிக்கா பஞ்சம்?"

கடிதத்தின் கடைசி வரி இது: நான் தண்ணீர் ஊற்றவில்லை என்பதை அத்தைக்குப் புரியும்படி நீங்கள்தான் எழுத வேண்டும், அவர் உங்கள் பத்திரிகையை ஒரு வரி விடாமல் படிக்கிறவர்.

இத்தனை வருஷ ஆசிரியர் வேலையில் கதை கேட்டிருக்கிறார்கள், ஜோசியம் கேட்டிருக்கிறார்கள், அச்சுப்பிழைக்குத் திட்டியிருக்கிறார்கள். மாமியார் மருமகள் வழக்கில் சாட்சி சொல்லக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. சாட்சி சொல்வதற்கு முன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் அல்லவா?

எங்கள் அலுவலகத்தில் சந்தாதாரர் பிரதிகளுக்கு முகவரி ஒட்ட இன்றும் மைதாப் பசைதான். புதிதாகக் காய்ச்சியதிலிருந்து கொஞ்சம் எடுத்து, கஞ்சிப் பதத்துக்கு இளக்கி, வெதுவெதுப்பாக ஆறவிட்டு, மூன்று கண்ணாடி டம்ளரில் ஊற்றினேன். முதல் டம்ளரில் ஒரு தேக்கரண்டி தண்ணீர். இரண்டாவதில் ஒரு தேக்கரண்டி என் எச்சில். உதவி ஆசிரியர் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சார், இதையெல்லாம் வீட்டுல செய்யக் கூடாதா?" என்றார். மூன்றாவதிலும் எச்சில்தான், ஆனால் சின்னக் கிண்ணத்தில் விட்டுக் கொதிக்கிற தண்ணீருக்குள் ஐந்து நிமிடம் வைத்து எடுத்தது. மூன்றையும் கலக்கி வைத்துவிட்டு, டீ வந்தது, குடித்தோம்.

டீ குடித்து முடித்தபோது முதல் டம்ளர் பசையாகவே இருந்தது. மூன்றாவதும் அப்படியே. நடு டம்ளரைச் சாய்த்தால் தண்ணீர் மாதிரி ஓடியது. மெய்ப்புத் திருத்துகிறவர், புண்ணுக்குத் தடவுகிற அயோடின் மருந்தை எங்கிருந்தோ கொண்டுவந்தார். வெள்ளைத் தட்டில் மூன்றிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு வைத்து மருந்தைத் தொட்டு வைத்தோம். மாவுச்சத்து இருந்தால் அயோடின் கருநீலமாகும், பள்ளியில் படித்ததுதான். முதல் சொட்டும் மூன்றாவது சொட்டும் மை கொட்டியது போலக் கறுத்தன. நடுச்சொட்டில் மருந்து தன் பழுப்பு நிறத்திலேயே கிடந்தது. அங்கே கறுப்பதற்கு மாவுச்சத்து மிச்சமில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த உதவி ஆசிரியர்தான் கடைசியில் தட்டை விட்டு நகரவில்லை.

எச்சிலில் இருக்கிற அந்த வேலைக்காரரின் பெயர் அமைலேஸ். டாக்டர்கள் என்சைம் என்கிற வகையறா, பாடப்புத்தகத்தில் நொதி. நொதித்தல் என்றால் மாவு பொங்கிப் புளிப்பது. 1870களில் ஜெர்மானியர் வில்ஹெல்ம் கூனே என்சைம் என்ற சொல்லை உருவாக்கியபோது அவரும் கிரேக்க மொழியில் புளித்த மாவைக் குறிக்கிற சொல்லிலிருந்துதான் எடுத்தார். இரண்டு மொழிக்காரர்களும் பெயர் தேடி மாவுப் பானைக்கே போயிருக்கிறார்கள்.

மாவுச்சத்து என்பது சர்க்கரை மணிகளை நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கோத்த மாலை. கஞ்சி கொதிக்கும்போது இந்த மாலைகள் விரிந்து, ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு, இடையில் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. அந்தச் சிக்கல்தான் நாம் சொல்லும் கெட்டி. அமைலேஸ் மாலையை ஓரத்திலிருந்து ஒவ்வொரு மணியாக உருவுவதில்லை. கண்ட இடத்தில், நடு மாலையில், வெட்டிவிடும். அங்கொன்று இங்கொன்று வெட்டினாலே போதும், சிக்கல் பிரிந்து பிடித்துவைத்த தண்ணீர் வெளியே வந்துவிடும். இனிப்பு தெரிவதற்கு ரொம்ப முன்னாடியே கஞ்சி நீர்த்துவிடுவது இதனால்தான். கிண்ணத்தில் கூடின தண்ணீர் கஞ்சிக்குள் ஏற்கெனவே இருந்த தண்ணீரே.

இப்போது கொஞ்சம் நிற்கவேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறோம். இரண்டு சர்க்கரை மணிகளுக்கு இடையில் உள்ள பிணைப்பைப் பிரிக்கத் தேவை தண்ணீர் மட்டுமே. கஞ்சியிலோ வேண்டிய மட்டும் தண்ணீர் இருக்கிறது. அப்படியானால் அது தானாகவே பிரியலாமே? பிரியும். கெட்டுப்போகாமல், கிருமி படாமல் வைத்திருந்தால், லட்சக்கணக்கான ஆண்டுகளில் பிரியும். அமைலேஸ் அதை ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் கொண்டுவந்துவிட்டது.

நொதியைப் பற்றி எத்தனையோ புத்தகம் புரட்டியபின் எனக்குத் தங்கியது இந்த ஒன்றுதான். நடக்கவே நடக்காத எதையும் அது நடத்திவைப்பதில்லை. எப்போதோ நடக்க இருப்பதை நம் ஆயுசுக்குள் நடத்திக் கொடுக்கிறது. புரதத்தின் பிணைப்பு ஒன்று வெறும் தண்ணீரில் பிரியச் சில நூறு ஆண்டுகள் ஆகும். மத்தியானம் சாப்பிட்ட பருப்பு ராத்திரிக்குள் செரித்துவிடுகிறது. நம் மரபணுப் பொருளுக்கான கட்டைகளில் ஒன்றைச் செய்து முடிக்கிற கடைசிப் படி உடம்பில் நடக்கிறது. நொதி இல்லாமல் விட்டால் அந்த மூலக்கூறுகளில் பாதி மாறி முடிக்க 7 கோடியே 80 லட்சம் ஆண்டுகள் பிடிக்கும் என்று அமெரிக்க வேதியியலாளர் ரிச்சர்ட் வுல்ஃபெண்டன் 1995இல் அளந்து சொன்னார். அத்தனை ஆண்டு பின்னோக்கிப் போனால் பூமியில் டைனோசர் நடமாடிக்கொண்டிருந்தது. நம் செல்லுக்குள் அதற்கென இருக்கிற நொதி அதே வேலையை ஒரு நொடியில் முப்பது நாற்பது தடவை செய்கிறது. அதுகூடப் பெரிய வேகம் இல்லை. ரத்தச் சிவப்பணுக்களில் கரியமில வாயுவைக் கரைத்து ஏற்றிவிடுகிற கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி, ஒன்றே ஒன்று, நொடிக்குப் பத்து லட்சம் மூலக்கூறுகளைக் கையாளக்கூடியது. இந்த வரியை நீங்கள் படித்து முடிப்பதற்குள் அது எத்தனை என்று கணக்குப் போடாதீர்கள், எனக்குத் தலை சுற்றியது.

எப்படி முடிகிறது? கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போயிருப்பீர்கள். கோவை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர் உயரம், பாலக்காடு 100 மீட்டருக்கும் கீழே. மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகிற பயணம், யாரும் தள்ளவேண்டியதில்லை. ஆனால் நீலகிரியும் ஆனைமலையும் ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? ஊர் பள்ளத்தில்தான் இருக்கிறது என்றாலும், முதலில் மலையேறி ஆகவேண்டும். தெம்புள்ள ஒருத்தர் இரண்டு பேர் எப்போதாவது ஏறி இறங்குவார்கள். நடுவில் கணவாய் இருப்பதால் தினம் ஆயிரக்கணக்கான பேர் போய்வருகிறார்கள். கணவாய் யாருக்கும் பலம் கொடுக்கவில்லை, கோவையை உயர்த்தவில்லை, பாலக்காட்டைத் தாழ்த்தவில்லை. ஏறவேண்டிய உயரத்தைக் குறைத்திருக்கிறது, அவ்வளவே. அதனால் போகிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் அது ஒன்றுபோலத் திறந்திருக்கும். நொதியும் ஒரு வினையை இரண்டு திசையிலும் வேகப்படுத்தும். முடிவில் எந்தப் பக்கம் கூட்டம் சேரும் என்பதை அது தீர்மானிப்பதில்லை.

கிட்டத்தில் போய்ப் பார்த்தால் நொதி ஒரு பெரிய புரத உருண்டை. நூல்கண்டு போலச் சுருண்டது. அதில் ஓரிடத்தில் ஒரு பள்ளம். வேலையெல்லாம் அந்தப் பள்ளத்தில்தான். பூட்டுக்குச் சாவி போல அந்தப் பள்ளத்துக்குப் பொருந்துகிற பொருள் மட்டும் உள்ளே போகும் என்று எமில் ஃபிஷர் 1894இல் சொன்னார். பூட்டு அவ்வளவு விறைப்பானது இல்லை, பொருள் வந்து உட்காரும்போது நொதியும் தன்னைக் கொஞ்சம் வளைத்துக்கொள்கிறது என்று 1958இல் டேனியல் கோஷ்லண்ட் திருத்தினார். எனக்கு என்னவோ திருவிழாவில் வளையல் போட்டுவிடுகிறவர் ஞாபகம்தான் வருகிறது. கையை வாங்கி, கட்டைவிரலை உள்ளே மடக்கி, எலும்பை ஒரு அமுக்கு அமுக்குவார். ஆ என்பதற்குள் வளையல் ஏறிவிடும். அந்த ஒரு கணம் கை இருக்கிற நிலை கையின் இயல்பான நிலை இல்லை. அதில் ரொம்ப நேரம் இருக்கவும் முடியாது. நொதியின் பள்ளமும் பொருளை அப்படி ஒரு இக்கட்டான நிலைக்குத் திருகிப் பிடிக்கிறது. அந்த நிலையில் பிணைப்பு அறுவது எளிது. அறுந்ததும் துண்டுகள் வெளியே போகும். வளையல்காரர் மாறாமல் அப்படியே அடுத்த கைக்குப் போவார்.

மூன்றாவது டம்ளர் ஏன் தோற்றது என்பதும் இதில் இருக்கிறது. சூட்டில் நூல்கண்டு பிரிந்துபோனது. பள்ளம் போய்விட்டது. முட்டையின் வெள்ளைக்கரு வெந்தபின் எத்தனை ஆறவைத்தாலும் மறுபடி பச்சையாகாதே, அந்த மாதிரி.

இதையெல்லாம் கண்டுபிடித்த கதை கஞ்சியில்தான் தொடங்குகிறது. 1833இல் பாரிசில் அன்செல்ம் பேயன், ழான் பிரான்சுவா பெர்சோ என்ற இரண்டு வேதியியலாளர்கள் முளைகட்டிய பார்லியை நசுக்கி, நீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றிலிருந்து சாராயத்தால் ஒரு வெண்பொடியைப் பிரித்தார்கள். மாவுக் கஞ்சியில் அந்தப் பொடி துளி விழுந்தால் கஞ்சி நீர்த்தது. அதற்கு டையஸ்டேஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரின் வாலைத்தான் பின்னால் வந்த நொதிகளில் பெரும்பாலானவை ஒட்டிக்கொண்டிருக்கின்றன: லிப்பேஸ், லாக்டேஸ், அமைலேஸ்.

ஆனாலும் சர்க்கரை சாராயமாக மாறுவது உயிருள்ள ஈஸ்ட் செய்கிற காரியம், உயிர் போனால் அந்தக் காரியமும் போயிற்று என்றுதான் லூயி பாஸ்டர் கடைசிவரை சொன்னார். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று இருந்த காலம். அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து, 1897இல், எடுவர்ட் புக்னர் என்ற ஜெர்மானியர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் ஈஸ்டை மணலோடு சேர்த்து உரலில் அரைத்து, துணியில் கட்டி, அழுத்து எந்திரத்தில் பிழிந்து சாறு எடுத்திருந்தார். சாறு சீக்கிரம் கெட்டுப்போகிறதே என்று, நாம் நெல்லிக்காய்க்குச் செய்வதுபோல, நிறையச் சர்க்கரை போட்டுவைத்தார். போய்ப் பார்த்தால் சாறு நுரைத்துக்கொண்டிருந்தது. உள்ளே உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லை. சர்க்கரை சாராயமாகிக்கொண்டிருந்தது. பதப்படுத்தப் போட்ட சர்க்கரைதான் அவருக்கு 1907இல் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தது என்றால் மிகை இல்லை. உயிருக்கும் சடத்துக்கும் நடுவில் கட்டிவைத்திருந்த சுவரில் அந்த நுரை ஒரு ஓட்டை போட்டது.

சரி, நொதி என்பது எதனால் ஆனது? அதற்கு இன்னொரு முப்பது வருஷம் ஆயிற்று. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சம்னர் என்று ஒருவர். பதினேழு வயதில் வேட்டைக்குப் போன இடத்தில் குண்டடிபட்டு இடது கையை இழந்தவர். அதுவரை இடது கைப் பழக்கக்காரர். ஒற்றைக் கையோடு வேதியியல் ஆகாது, சட்டம் படி என்று பெரியவர்களே புத்தி சொல்லியிருக்கிறார்கள். அவர் நம் வாளவரைக்குப் பங்காளியான ஒரு அவரைக்கொட்டையை எடுத்துக்கொண்டு, ஒன்பது வருஷம் அரைத்து, கரைத்து, வடிகட்டிக்கொண்டே இருந்தார். அதில் இருந்த யூரியேஸ் என்ற நொதியை 1926இல் படிகமாகவே எடுத்துக் காட்டினார். அது புரதம் என்றார். யூரியாவை அம்மோனியாவாக்குகிற நொதி இது. மாட்டுத் தொழுவத்தில் காலை நேரத்தில் மூக்கை அரிக்கிற நெடி, கிருமிகளின் யூரியேஸ் செய்கிற கைங்கரியம். ஜெர்மனியின் பெரிய தலைகள் அவரை நம்பவில்லை. அவருக்கு நோபல் கிடைத்தது 1946இல். இருபது வருஷம் காத்திருந்திருக்கிறார். ஒற்றைக் கையோடு டென்னிசும் ஆடுவாராம்.

நம் அடுப்படியிலோ ஆராய்ச்சி இல்லாமலே பாதி விஷயம் நடைமுறையில் இருக்கிறது. வாழைப்பூவையும் வாழைக்காயையும் நறுக்கினதும் மோர்த் தண்ணீரில் போடுகிறோம். எங்கள் அம்மா, கறுத்துப்போனால் அப்பா தொடமாட்டார் என்பதோடு நிறுத்திக்கொள்வார். வாழைக்காயின் ஒரு செல்லுக்குள் நொதி ஒரு அறையில் இருக்கிறது, அது வேலை செய்யவேண்டிய துவர்ப்புப் பொருள் இன்னொரு அறையில். அருவாமணை இரண்டு சுவரையும் ஒரே வெட்டில் இடித்துவிடுகிறது. காற்றும் சேர்ந்ததும் நொதி அந்தத் துவர்ப்பைக் கறுப்பாக்குகிறது. மோரின் புளிப்பில் அந்த நொதி மந்தப்பட்டுவிடும்.

நாம் கெட்டது என்று ஒதுக்குகிற இதே காரியத்தைக் குன்னூரில் காசாக்குகிறார்கள். டீத்தூள் தொழிற்சாலை எதிலாவது உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? பச்சை இலையை வாடவிட்டு, நசுக்கிப் பிசைந்து, காற்றுப்படப் பரப்பிவைக்கிறார்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் பச்சை மாறிச் செம்பு நிறம் வருகிறது. அதைப் பெர்மென்டிங் என்றே சொல்கிறார்கள், ஆனால் அதில் ஈஸ்டும் இல்லை, புளிப்பும் இல்லை. வாழைக்காயைக் கறுப்பாக்கிய அதே குடும்பத்து நொதி, இலையின் சொந்த நொதி, தன் வேலையைச் செய்கிறது. நிறமும் வாசனையும் சரியாக வந்த நிமிடத்தில் சூட்டில் போட்டு அதை நிறுத்திவிடவேண்டும். நேரம் தப்பினால் டீ தப்பிவிடும். பச்சைத் தேயிலை வேண்டுமென்றால் பறித்த கையோடு சூடுகாட்டி நொதியை எழுந்திருக்கவே விடக் கூடாது. ஒரே செடி, ஒரே இலை.

வெட்டுகிற கத்தி தன் வீட்டையே வெட்டிவிட்டால்? உடம்பு இந்தப் பயத்தோடுதான் இருக்கிறது. மாமிசத்தையே கரைக்கிற நொதிகளைக் கணையம் தயாரிக்கிறது, கணையமும் மாமிசம்தானே. அதனால் அவற்றை உறையில் போட்ட கத்தியாகத்தான் செய்து அனுப்பும். டிரிப்சினோஜன் என்று பெயர். சிறுகுடலுக்குப் போய்ச் சேர்ந்தபின் அங்கே காத்திருக்கிற இன்னொரு நொதி உறையைக் கழற்றி அதை டிரிப்சினாக்கும்.

எங்கள் பத்திரிகைக்கு அச்சகத்தில் பைண்டிங் பார்த்துக்கொடுத்த அண்ணன் ஒருவர் இருந்தார். தீபாவளி மலர் வேலை என்றால் மூன்று ராத்திரி தூங்காமல் நிற்பார். வேலை முடிந்த நாலாவது நாள் குடிப்பார், அதுவும் நிறுத்தாமல். ஒரு விடியற்காலை மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். வலி முதுகுவரை குத்துகிறது என்றார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, அமைலேஸும் லிப்பேஸும் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, கணைய அழற்சி என்றார்கள். உறை கணையத்துக்குள்ளேயே கழன்றுவிட்டது. அவருடைய கணையத்தை அவருடைய கத்தியே வெட்டிக்கொண்டிருந்தது. பதினாறு நாள் இருந்து பிழைத்து வந்தார். பித்தப்பைக் கல்லாலும் இது வரும், குடிதான் காரணம் என்று எல்லோரையும் சந்தேகப்பட வேண்டாம். ஆனால் அந்த அண்ணனுக்குக் குடிதான்.

நீங்கள் உடம்பு பரிசோதனைக்குப் போய் வாங்கிவருகிற தாளில் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்று இரண்டு வரி இருக்கும். அவையும் நொதிகள்தான். கல்லீரல் செல்லுக்குள் வேலை பார்க்கவேண்டியவை. ரத்தத்தில் அவற்றுக்கு அவ்வளவாக வேலை இல்லை. அங்கே எண்ணிக்கை ஏறுகிறது என்றால் பெரும்பாலும் கல்லீரலில் எங்கோ சுவர் இடிந்து ஆட்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள் என்று டாக்டர் புரிந்துகொள்கிறார்.

இந்த இடத்தில் இன்னும் இரண்டு கடிதங்களுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஒரே கல்லில். உயிருள்ள என்சைம் அடங்கிய மாத்திரை, பொடி என்று விளம்பரம் வருகிறதே, வாங்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். முதலில், நொதிக்கு உயிர் கிடையாது. புக்னர் கதையை மறுபடி படியுங்கள். இரண்டாவது, அது புரதம். வெறுமனே விழுங்கினால் இரைப்பையின் அமிலத்தில் பெரும்பாலும் பருப்புக்கு ஆகிற கதிதான் அதற்கும் ஆகும். கணையம் பழுதானவர்களுக்கு டாக்டர் எழுதித்தருகிற என்சைம் மாத்திரை வேறு சமாசாரம். அமிலம் தாண்டிக் குடலில் போய்க் கரையும்படி உறை போட்டிருப்பார்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு லாக்டேஸ் மாத்திரையும் உதவும். மற்றபடி காசு உங்களுடையது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலை வெல்லத் தண்ணீரில் மூன்று மாதம் ஊறவைத்து பயோ என்சைம் என்று வீடு துடைக்கிறார்களே என்று இன்னொருவர். துடையுங்கள், வாசனையாக இருக்கும். அழுக்கை எடுப்பதில் பெரும்பங்கு அதில் ஊறி உண்டான புளிப்பினுடையது என்பது என் எண்ணம்.

வெளியுலகில் நொதி உண்மையாகவே செய்த உபகாரம் பார்க்கவேண்டுமென்றால் தோல் பதனிடுகிற இடத்தைப் பார்க்கவேண்டும். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் தோலை மெதுவாக்க நாய் மலத்தையும் புறா எச்சத்தையும் கரைத்து அதில் ஊறப்போடுவார்கள். அதில் வேலை செய்வது நொதிதான் என்று ஊகித்த ஓட்டோ ரோம், 1907இல் விலங்கின் கணையச் சாற்றிலிருந்து அதற்கு மாற்றுத் தயாரித்தார். நாற்றம் பிடித்த ஒரு தொழிலில் எத்தனை பேருடைய கைகளை அது காப்பாற்றியிருக்கும்! நம் அடையாறில் 1948இலிருந்து இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலும் சுண்ணாம்பு, சல்பைடுக்குப் பதில் நொதியைக் கொண்டு முடி நீக்குவதற்கான வழிகளை உருவாக்கியிருக்கிறார்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் கழிவு கலந்த கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

திரும்பவும் கிண்ணத்துக்கு வருகிறேன். எச்சிலில் அமைலேஸ் எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை. அதற்கான மரபணு ஒருவருக்கு இரண்டு பிரதி இருக்கலாம், இன்னொருவருக்குப் பத்துக்கு மேலும் இருக்கலாம். அரிசி, கிழங்கு என்று மாவுச்சத்தை நம்பி வாழ்ந்த கூட்டங்களில் சராசரியாகப் பிரதிகள் அதிகம் என்று 2007இல் ஓர் ஆய்வு காட்டியது. நாய்க்கும் இதே கதைதான். ஓநாய்க்குக் கணைய அமைலேஸ் மரபணு இரண்டே பிரதி; நம்மோடு ஒட்டிக்கொண்டு பழைய சோறு தின்னப் பழகிய நாய்க்குப் பல மடங்கு. தெருநாய் சோற்றை அத்தனை ருசியாகத் தின்பதைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்வேன்.

தேனி வாசகிக்கு: ஊட்டுவதற்கு மட்டும் கொஞ்சம் கஞ்சியைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். வாயில் வைத்த ஸ்பூன் பாத்திரத்துக்குள் போகவேண்டாம். கிண்ணத்தில் மிஞ்சினதை எடுத்துவைத்து அப்புறம் கொடுக்காதீர்கள். நீர்த்துப்போனதால் இல்லை, எச்சிலோடு கிருமியும் போயிருக்கும். அப்புறம், முடிந்தால் கேழ்வரகை ஊறவைத்து, துணியில் முடிந்து முளைகட்டி, நிழலில் உலர்த்தித் திரித்து வையுங்கள். முளைவிடும் தானியத்தில் அமைலேஸ் நிறைய ஊறும். பாரிஸ்காரர்கள் பார்லியில் கண்டது இதைத்தான். வாசனைக்காக வறுத்தால் சிறுதீயில் பேருக்கு வறுங்கள், தீ மிஞ்சினால் நொதி அவிந்துபோகும். கெட்டிக் கஞ்சி கைபொறுக்காத சூட்டில் இருக்கும்போது இந்த மாவில் ஒரு ஸ்பூன் போட்டுக் கிளறிவிட்டு, சிறிது நேரம் கழித்து ஒரு கொதி விட்டு இறக்குங்கள். குழந்தையின் வயிறோ கைப்பிடி அளவு. கஞ்சி கெட்டியாக இருந்தால் விழுங்க முடியாது; தண்ணீர் விட்டு இளக்கினால் வயிறு தண்ணீரிலேயே ரொம்பிவிடும். முளைமாவு போட்டால் அதே அரிசி, அதே பருப்பு, அதே சத்து, விழுங்க மட்டும் லேசு.

இனி அத்தைக்கு. அம்மா, இந்தப் பக்கத்தையும் நீங்கள் ஒரு வரி விடாமல் படித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். சந்தேகம் தீரவில்லையென்றால் நாளைக்கே கஞ்சியை இரண்டு கிண்ணத்தில் ஊற்றி, ஒன்றில் மட்டும் நீங்களே ஒரு வாய் சாப்பிட்ட ஸ்பூனைப் போட்டுக் கலக்கி வைத்துவிட்டு, வெற்றிலை போட்டு முடித்துவந்து பாருங்கள். உங்கள் மருமகள் மேல் தப்பில்லை. கஞ்சியை இளக்கியது உங்கள் பேத்தி.

அன்புடன்,
ஆசிரியர்